மகனைச் சின்னப் பள்ளிக்கு மாற்றச் சொல்கிறார்கள்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில், பே ஏரியாவில் இருக்கிறோம். மகனுக்கு 16 வயது, பதினொன்றாம் வகுப்பு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. முந்தைய இரண்டு வருடங்களில் சில பாடங்களில் தேறாமல் எஃப் வாங்கியதால் 110 கிரெடிட் இருக்க வேண்டிய இடத்தில் 75தான் இருக்கிறது. எங்கள் பள்ளி மாவட்டத்தில் பள்ளிப் படிப்பை முடித்ததற்கான டிப்ளமோவுக்கு 220 வேண்டும். "கன்டின்யூவேஷன் ஸ்கூலுக்கு (கிரெடிட்டில் பின்தங்கிய பிள்ளைகளுக்கான சின்னப் பள்ளி) மாற்றிவிடலாம்" என்று கவுன்சிலர் ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார். இணையத்தில் பார்த்தால் அந்தப் பள்ளியில் மொத்தமே 112 பேர். ஆசியர்கள் 3 பேர், முக்கால்வாசிக்கு மேல் ஹிஸ்பானிக் பிள்ளைகள். டிப்ளமோ வாங்குபவர்கள் சதவீதமும் குறைவு. பையன் தனித்துப்போய்விடுவானோ, காலேஜ் கிடைக்காதோ என்று பயமாக இருக்கிறது. நண்பர் அறிமுகப்படுத்திய ஆலோசகர் ஒருவர், "அங்கே அனுப்பாதீர்கள், ஆன்லைனில் ஆறு மாதத்தில் டிப்ளமோ முடித்துத் தருகிறேன், 4,000 டாலர்" என்கிறார். பையனுக்குக் கவனக் குறைபாடு இருக்கலாம் என்று டாக்டரும் சொல்லியிருக்கிறார். என்ன செய்வது?

பதில்: அந்த ஆலோசகருக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். கவுன்சிலர் அனுப்பிய படிவத்திலும் இந்த வாரம் கையெழுத்துப் போடாதீர்கள். இந்த இரண்டையும் முடிவு செய்துவிட்டு மேலே படியுங்கள்.

முதலில் அந்த 4,000 டாலரைப் பார்ப்போம். உங்கள் மகனுக்கு இன்னும் 145 கிரெடிட் தேவை. ஒரு பாடத்தை ஒரு செமஸ்டர் முழுக்கப் படித்துத் தேறினால் 5 கிரெடிட். அப்படியானால் 29 செமஸ்டர் பாடங்கள். வழக்கமான ஹைஸ்கூலில் ஒரு பிள்ளை ஆறு மாதத்தில் படிப்பது ஆறு பாடங்கள். 29 பாடங்களை ஆறு மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், படிக்காமலே தருகிறேன் என்றுதான் பொருள்.

"எங்கள் பள்ளி கலிஃபோர்னியா அரசில் பதிவானது, இதோ நம்பர்" என்று காட்டுவார்கள். அது பொய்யாக இருக்காது. இந்த மாநிலத்தில் தனியார் பள்ளி நடத்தும் எவரும் ஆண்டுதோறும் அக்டோபர் 1 முதல் 15க்குள் கல்வித் துறையிடம் ஒரு அஃபிடவிட் தாக்கல் செய்ய வேண்டும். வீட்டில் வைத்துச் சொந்தப் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பெற்றோரும் இதே அஃபிடவிட்டைத்தான் தாக்கல் செய்கிறார்கள். அரசு அதைப் பெற்றுக்கொள்கிறதே தவிர, பள்ளியைப் பார்வையிடுவதும் இல்லை, அங்கீகரிப்பதும் இல்லை. இதை அரசே தன் தளத்தில் எழுதி வைத்திருக்கிறது. ஆனால் இந்த நம்பரைத்தான் அங்கீகாரச் சான்று போலப் பளபளப்பாக அச்சடித்துக் காட்டுகிறார்கள், நம் ஆட்களும் அரசு முத்திரை என்றால் மயங்கிவிடுகிறோம்.

அங்கீகாரம் என்றால் இந்தப் பகுதியில் முதலில் பார்க்க வேண்டியது வாஸ்க் என்ற அமைப்பின் அக்ரெடிட்டேஷன். அவர்களுடைய பட்டியலை நீங்களே தேடித் திறந்து, பள்ளியின் முழுப் பெயரையும் ஊரையும் போட்டுப் பாருங்கள். ஆலோசகர் அனுப்பும் இணைப்பைத் தொடாதீர்கள். பெயரைக் கேட்டாலே மரியாதை வருகிற மாதிரி போலி அக்ரெடிட்டேஷன் அமைப்புகளை இவர்களே உருவாக்கி, ஒரு தளமும் போட்டு வைத்திருப்பார்கள். பட்டியலில் பெயர் இருந்தால்கூட, "இந்தப் பள்ளியின் கிரெடிட்டை எங்கள் மாவட்டம் ஏற்குமா?" என்று கவுன்சிலரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை மின்னஞ்சலிலேயே வாங்கிய பிறகுதான் பணத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். இவர்களின் இன்னொரு வகை "கிரெடிட் ரெக்கவரி உதவி", அதாவது தவறிய பாடத்தை மீண்டும் முடிக்க உதவுவது. பிள்ளையின் பெயரில் வேறு யாரோ உட்கார்ந்து ஆன்லைன் பாடத்தை முடித்துக் கொடுப்பார்கள். பிடிபட்டால் மதிப்பெண் பதிவேடான டிரான்ஸ்கிரிப்டில் அடி விழுவது பிள்ளைக்கு, அவர்களுக்கு அல்ல.

பள்ளியை விட்டு நேர்வழியில் வெளியேற ஒரு வழி இருக்கிறது. 16 வயதானவர்கள் எழுதக்கூடிய கலிஃபோர்னியா புரோஃபிஷியன்சி புரோகிராம் தேர்வு. 2023-இல் பழைய தேர்வுக்குப் பதிலாக வந்தது. தேறினால் தரும் சான்றிதழ் மாநிலச் சட்டப்படி டிப்ளமோவுக்கு நிகரானது. உங்கள் மகனுக்கு இப்போதே அது வேண்டாம். ஆனால் யாராவது "சீக்கிரம் முடிக்க எங்களை விட்டால் வழியில்லை" என்று சொன்னால், அரசே நடத்தும் வழி ஒன்று இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும்.

இனி, நீங்கள் பார்த்துப் பயந்த எண்கள்.

112 என்பது ஒரே ஒரு நாளின் கணக்கு. மாநிலம் அக்டோபர் முதல் புதன்கிழமையைத்தான் சேர்க்கைக் கணக்கெடுப்பு நாளாக வைத்திருக்கிறது. இந்த வகைப் பள்ளிகளில் பிள்ளைகள் ஆண்டு முழுவதும் வருவார்கள், விட்டுப்போன கிரெடிட்டை முடித்ததும் போய்விடுவார்கள். அரசின் டேட்டாக்வெஸ்ட் தளத்தில் ஆண்டு முழுவதும் அந்தப் பள்ளியில் பதிந்தவர்களின் மொத்தக் கணக்கும் தனியாக இருக்கிறது. அதை எடுத்துப் பார்த்தால் எண்ணிக்கை கணிசமாக ஏறியிருக்கும். 112 பேரில் ஒரு பிள்ளை என்பது கிட்டத்தட்ட 0.9 சதவீதம். ஆசியர்கள் 3 பேர் என்றால் 2.7. ஜனவரியில் இன்னும் இரண்டு பேர் சேர்ந்தால் அதே 4.4க்குப் போய்விடும். இவ்வளவு சின்னக் கூட்டத்தில் சதவீதம் பார்த்து முடிவெடுப்பதில் அர்த்தமில்லை. தேர்வு முடிவுகளில் நட்சத்திரக் குறி போட்டிருந்தால், அந்தப் பிரிவில் 10 பேர் அல்லது அதற்கும் குறைவு, தனிப்பட்ட பிள்ளை யாரென்று தெரிந்துவிடக் கூடாதென்று மறைத்திருக்கிறார்கள். மோசமான மதிப்பெண்ணை ஒளிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

இந்த இனக் கணக்கே நீங்கள் நினைப்பதைவிடக் கரடுமுரடானது. படிவத்தில் முதல் கேள்வி "ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோவா?" என்பது. ஆம் என்றால், அடுத்த கேள்வியில் எந்த இனத்தைக் குறித்தாலும் அறிக்கையில் ஹிஸ்பானிக் என்று மட்டும்தான் வரும். கலிஃபோர்னியா ஃபிலிப்பினோ பிள்ளைகளை ஆசியர் கணக்கில் சேர்க்காமல் தனியாகக் காட்டுகிறது. இரு இனப் பெற்றோருக்குப் பிறந்தவர்கள் வேறொரு வரிசைக்குப் போய்விடுவார்கள். ஆகவே "3 ஆசியர்" என்ற எண்ணை வைத்து வகுப்பறை எப்படி இருக்கும் என்று கற்பனை செய்ய முடியாது. இடையில் ஒன்று: சேர்க்கைப் படிவத்தில் நீங்கள் குறிக்க வேண்டியது ஆசியன் இந்தியன். "அமெரிக்கன் இந்தியன்" என்ற பெட்டி இந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கானது. அமெரிக்காவில் இருக்கும் இந்தியர் என்று எண்ணி அதில் குறி போடும் நம்மவர்கள் இருக்கிறார்கள். பழைய படிவத்தில் என்ன போட்டீர்கள் என்று ஒருமுறை சரிபாருங்கள்.

ஹிஸ்பானிக் பிள்ளைகள் அதிகம் என்பதை ஒரு குறையாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். மாநிலம் முழுக்க அரசுப் பள்ளி மாணவர்களில் பாதிக்கு மேல் அவர்கள்தான். நீங்கள் வீடு வாங்கிய பேட்டையை வைத்து ஒப்பிடாதீர்கள், உங்கள் பள்ளி மாவட்டத்தின் மொத்தக் கணக்கை வைத்து ஒப்பிடுங்கள். மாவட்டம் முழுவதும் 20 சதவீதமாக இருக்கும் பிரிவு அந்தச் சின்னப் பள்ளியில் மட்டும் 75 சதவீதம் என்றால், கேள்வி அங்கே படிக்கும் பிள்ளைகளைப் பற்றியதல்ல. பெரிய பள்ளிகள் யாரை அங்கே தள்ளுகின்றன என்பதைப் பற்றியது. கல்விச் சட்டம் 48432.3 பிரிவு இதைச் சொல்கிறது: இனம், மொழி, சிறப்புத் தேவை என்ற எந்த அடிப்படையிலும் ஒரு பிரிவினர் மட்டும் விகிதத்துக்கு மீறி இந்தப் பள்ளிகளில் குவியாதபடி மாவட்டம் பார்த்துக்கொள்ள வேண்டும். சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. இன்னொரு பக்கம், பின்தங்கிய ஆசியப் பிள்ளைகளின் பெற்றோர் இந்தப் பெயரைக் கேட்டதுமே தனியார் பள்ளிக்கோ உங்கள் ஆலோசகரைப் போன்றவர்களிடமோ ஓடிவிடுகிறார்கள். 3 என்ற எண்ணில் அதற்கும் பங்குண்டு.

டிப்ளமோ சதவீதம் குறைவாக இருப்பதற்கும் காரணம் உண்டு. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை நான்கே ஆண்டில் முடித்தானா என்பதுதான் அந்தக் கணக்கு. முடிக்காவிட்டால், அவன் கடைசியாக இருந்த பள்ளியின் கணக்கில் அது ஏறும். மூன்று ஆண்டுகள் அவனைக் கவனிக்காமல் விட்ட பெரிய பள்ளி தன் புள்ளிவிவரத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும், கடைசி ஆண்டில் ஏற்றுக்கொண்ட சின்னப் பள்ளி பழியைச் சுமக்கும். இந்த ஏற்பாட்டை யார் யோசித்தார்களோ! கவுன்சிலர் உங்களுக்குக் கெடுதல் நினைக்கிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் மகன் போனால் அந்தப் பள்ளிக்கு நஷ்டம் ஒன்றுமில்லை என்பதை நினைவில் வையுங்கள். சின்னப் பள்ளியின் முதல்வரிடம் இப்படிக் கேளுங்கள்: "போன ஆண்டு தொடக்கத்தில் உங்களிடம் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தவர்களில் எத்தனை பேர் ஜூனில் டிப்ளமோ வாங்கினார்கள்?" நல்ல முதல்வர் இதற்குக் காகிதம் பார்க்காமல் பதில் சொல்வார்.

கிரெடிட் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பெரிய பள்ளியிலேயே இருந்தால் ஆண்டுக்கு ஆறு பாடம், 60 கிரெடிட், இரண்டு ஆண்டில் 120. இடையில் ஒரு கோடை, பெரும்பாலும் 10. ஆக 130. தேவை 145, குறைவது 15. இந்த 15க்காகப் பள்ளி மாறியே தீர வேண்டுமென்பதில்லை. இரண்டாண்டு அரசுக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜில் ஹைஸ்கூல் மாணவனாகவே சேர்ந்து 3 யூனிட் பாடம் ஒன்றை முடித்தால், பல மாவட்டங்கள் அதை 10 ஹைஸ்கூல் கிரெடிட்டாக எடுத்துக்கொள்கின்றன. இரண்டு பாடம் போதும். இந்த மாணவர்களுக்கு யூனிட்டுக்கு 46 டாலர் கட்டணத்தைப் பெரும்பாலான காலேஜ்கள் தள்ளுபடி செய்துவிடும், புத்தகச் செலவு மட்டும் இருக்கும். உங்கள் மாவட்டத்தின் மாற்று விகிதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு சேருங்கள். ஒன்று மட்டும்: காலேஜ் மதிப்பெண் அழியாது. அங்கேயும் எஃப் வாங்கினால் அது வாழ்நாள் டிரான்ஸ்கிரிப்டில் நிற்கும்.

ஆனால் இந்தக் கணக்கு அவன் இனி ஒரு பாடத்தில்கூடத் தவற மாட்டான் என்று வைத்துப் போட்டது. எஃப் ஏன் வந்தது என்று பார்க்க வேண்டும். பாடம் புரியாமல் வந்ததா, வகுப்புக்கே போகாமல் வந்ததா, வீட்டுப்பாடத்தைச் செய்தும் சமர்ப்பிக்காமல் வந்ததா? பின்னிரண்டும் என்றால் 2,000 பேர் இருக்கும் பள்ளியில் அது தொடரத்தான் செய்யும். அப்போது சின்னப் பள்ளி நல்ல இடம். அங்கே கிரெடிட்டை ஒவ்வொன்றாகவே சேர்க்கலாம். ஒரு பாடத்தில் பாதியை முடித்தால் பாதி கிரெடிட் கைக்கு வரும். பெரிய பள்ளியில் முக்கால்வாசி முடித்து எஃப் வாங்கினால் பூஜ்யம். ஒரு விஷயம் நம்மவர்கள் எதிர்பார்க்காதது: அங்கே நாள் சின்னது. சட்டப்படி குறைந்தபட்சம் 180 நிமிடம்தான். பல இடங்களில் மதியத்தோடு முடிந்துவிடும். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், மதியம் ஒரு மணிக்கு மேல் பையன் எங்கே இருப்பான், என்ன செய்வான் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். அந்தக் கம்யூனிட்டி காலேஜ் பாடத்தை அந்த நேரத்தில் வைக்கலாம்.

டிப்ளமோ மாவட்டத்துடையது. அதனால் காலேஜ் கதவு மூடிவிடும் என்பது தவறு. ஆனால் யூசி, கால் ஸ்டேட் என்ற மாநில அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு நேராகப் போக ஏ-ஜி எனப்படும் 15 ஆண்டுப் பாடங்கள் வேண்டும்: வரலாறு 2, ஆங்கிலம் 4, கணிதம் 3, அறிவியல் 2, ஆங்கிலமல்லாத மொழி 2, கலை 1, விருப்பப் பாடம் 1. ஒவ்வொன்றிலும் சி அல்லது அதற்கு மேல். டி வாங்கினால் டிப்ளமோவுக்குக் கிரெடிட் வரும், ஏ-ஜி கணக்கில் வராது. யூசி என்றால் இதில் 11 பாடங்கள் பன்னிரண்டாம் வகுப்புக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஏ-ஜி ஒப்புதல் ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனி. பெரிய பள்ளியின் கெமிஸ்ட்ரி பட்டியலில் இருப்பதால் சின்னப் பள்ளியின் கெமிஸ்ட்ரியும் இருக்கும் என்றில்லை. யூசியின் ஏ-ஜி பாடப் பட்டியல் தளத்தில் பள்ளியின் பெயரைப் போட்டுப் பாருங்கள். சின்னப் பள்ளிகளில் சோதனைக்கூட அறிவியலும் மூன்றாம் நிலைக் கணிதமும் மொழியும்தான் பெரும்பாலும் விட்டுப்போகும். மொழிக்கு வார இறுதித் தமிழ்ப் பள்ளி வகுப்பைச் சில மாவட்டங்கள் கிரெடிட்டாக ஏற்கின்றன. உங்கள் மாவட்டம் ஏற்குமா என்று கேளுங்கள், அதையும் முன்கூட்டியே, எழுத்தில்.

ஏ-ஜி முடியாவிட்டால் கம்யூனிட்டி காலேஜ். அங்கே டிப்ளமோ இருந்தால் போதும், ஏ-ஜி கேட்க மாட்டார்கள். இரண்டு ஆண்டு ஒழுங்காகப் படித்தால் டேவிஸ், அர்வைன், மெர்சட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு யூசிக்களுக்கு உறுதியான மாற்றல் ஒப்பந்தமே போட்டுக்கொள்ளலாம். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ அந்த ஒப்பந்தத்தில் இல்லை. விண்ணப்பித்துப் போட்டியில்தான் போக வேண்டும். நம் வீடுகளில் இதைத் தோல்வியாகப் பேசுகிறோம். பேசட்டும்.

இப்போது உங்கள் கேள்வியின் கடைசி வரி. நீங்கள் போகிறபோக்கில் எழுதியதுதான் எல்லாவற்றையும் மாற்றக்கூடியது. கவனக் குறைபாடு இருக்கலாம் என்று டாக்டர் சொன்னதைப் பள்ளியிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். "பேப்பரில் ஏறிவிடும்" என்ற பயம். அந்தப் பேப்பர்தான் உங்கள் மகனுக்குப் பாதுகாப்பு.

சிறப்புக் கல்விக்கான மதிப்பீடு வேண்டும் என்று நீங்கள் எழுத்தில் கேட்டால், 15 காலண்டர் நாட்களுக்குள் மதிப்பீட்டுத் திட்டத்தை மாவட்டம் தர வேண்டும். (அஞ்சு நாட்களுக்கு மேற்பட்ட பள்ளி விடுமுறைகள் இந்தக் கணக்கில் சேராது.) அதில் நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த பிறகு 60 நாட்களுக்குள் மதிப்பீட்டை முடித்துக் கூட்டம் நடத்த வேண்டும். வாய்மொழியாகக் கேட்டால் "பார்க்கலாம், முதலில் ஸ்டூடன்ட் சப்போர்ட் மீட்டிங் வைப்போம்" என்று மாதங்கள் ஓடிவிடும். எழுத்தில் போனால்தான் கடிகாரம் ஓடத் தொடங்கும். தகுதி பெற்றால் ஐ.இ.பி. என்ற தனித்திட்டம் எழுதப்படும். அதன் பிறகு பையன் எந்தப் பள்ளியில் படிப்பான் என்பதைக் கவுன்சிலரின் ஒற்றைப் படிவம் தீர்மானிக்க முடியாது. நீங்களும் உட்காரும் ஐ.இ.பி. குழு தீர்மானிக்க வேண்டும். தகுதி பெறாவிட்டாலும் 504 திட்டம் கேட்கலாம். தேர்வுக்குக் கூடுதல் நேரம், வீட்டுப்பாடத்தைப் பிரித்துத் தருவது, வாரம் ஒருமுறை நிலுவைப் பட்டியல் அனுப்புவது போன்றவை அதில் வரும். உங்கள் மகனின் எஃப்-களில் பாதி இந்த நிலுவையில் வந்தவையாகவே இருக்கலாம்.

மதிப்பீடு நடக்கும்போது சின்னப் பள்ளிக்கு மாறிவிட்டால் என்ன ஆகும்? உரிமை கூடவே போகும். ஆனால் 112 பேர் பள்ளியில் சிறப்புக் கல்வி ஆசிரியர் முழுநேரம் இருப்பாரா, வாரம் இரண்டு நாள் வருவாரா, உளவியலாளர் எத்தனை பள்ளிகளுக்குப் பொதுவானவர் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே வரிசை முக்கியம். முதலில் மதிப்பீட்டுக் கடிதம், பிறகு மாற்றல் பேச்சு. கடிதத்துக்கு மூன்று வரி போதும்: மகனின் பெயர், பிறந்த தேதி, "எல்லாச் சந்தேகத்துக்குரிய துறைகளிலும் சிறப்புக் கல்வி மதிப்பீடும் 504 மதிப்பீடும் கோருகிறேன்", டாக்டரின் குறிப்பு இணைப்பு. முதல்வருக்கும் மாவட்டச் சிறப்புக் கல்வி அலுவலகத்துக்கும் ஒரே நாளில் அனுப்பி, தேதியைக் குறித்து வையுங்கள். உங்களுக்கு ஆங்கிலத்தில் பேசத் தயக்கமிருந்தால் ஐ.இ.பி. கூட்டத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், ஏற்பாடு செய்வது மாவட்டத்தின் வேலை. உறவுக்காரப் பையனைக் கூட்டிப்போய் உட்கார வைக்காதீர்கள்.

மாறத்தான் போகிறான் என்றால், படிவத்தில் கையெழுத்துக்கு முன் எது விருப்ப மாற்றல், எது கட்டாய மாற்றல் என்று பாருங்கள். கட்டாய மாற்றல் ஒழுங்கு நடவடிக்கைக்கும் தொடர்ந்து பள்ளிக்கு வராததற்கும் உரியது. எஃப் வாங்கியதற்காக யாரையும் கட்டாயப்படுத்தி மாற்ற முடியாது. உங்களிடம் வந்திருப்பது விருப்ப மாற்றல் படிவமாகத்தான் இருக்கும். அப்படியானால் நீங்கள் கேட்டால் இரண்டு பள்ளிகளின் சார்பிலும் கவுன்சிலரோ நிர்வாகியோ உட்கார்ந்து பேசும் கூட்டம் நடத்த வேண்டும். மாவட்டத்தின் மாற்றல் கொள்கையின் பிரதியையும் தர வேண்டும். மாற்றலைக் கூடுமானவரை செமஸ்டரின் முதல் நான்கு வாரங்களுக்குள் முடிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அதனால் "நாளைக்குள் போடுங்கள், இடம் போய்விடும்" என்றால் பதற வேண்டாம், இந்த செமஸ்டரில் முடியாவிட்டால் ஜனவரியில் அடுத்த வாசல் திறக்கும். அது மாவட்டத்தின் கன்டின்யூவேஷன் பள்ளிதானா என்பதையும் உறுதி செய்யுங்கள். ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானவர்களுக்கும் நீதிமன்றம் அனுப்புபவர்களுக்கும் கவுண்ட்டி நடத்தும் கம்யூனிட்டி ஸ்கூல்கள் உண்டு. பேச்சில் எல்லாவற்றையும் "ஆல்டர்னேட்டிவ்" என்றே சொல்லிவிடுவார்கள். அரசின் 14 இலக்கப் பள்ளிக் குறியீட்டைக் கேட்டு வாங்கித் தேடினால் வகை தெரிந்துவிடும்.

விருப்ப மாற்றலில் போனவன் அடுத்த கல்வியாண்டுத் தொடக்கத்தில் பெரிய பள்ளிக்குத் திரும்ப உரிமை உண்டு. நடுவிலேயே திரும்ப மாவட்டத்தின் சம்மதம் வேண்டும். ஆனால் பெரிய பள்ளிகளில் அடுத்த ஆண்டுப் பாடத் தேர்வு பிப்ரவரி, மார்ச்சிலேயே முடிந்துவிடும். ஆகஸ்டில் போய் நின்றால் உள்ளே விடுவார்கள், கெமிஸ்ட்ரியில் மட்டும் இடம் இருக்காது. திரும்பும் எண்ணம் இருந்தால் ஜனவரி முடிவதற்குள் இரண்டு பள்ளிகளுக்கும் எழுதிவிடுங்கள்.